கடலுரிமைக் கொள்கையின் தோற்றம்

கடல் எவர்க்கும் உடைமையாகாது என்னும் கோட்பாடு பன்னாட்டுச் சட்டத்தில் வேரூன்றியவாற்றை ஈண்டுக் காண்போம். 1603இல் சிங்கப்பூர்க்கு அருகே டச்சுக் கப்பல்கள் 'சாந்தா கத்தரீனா' என்னும் போர்த்துக்கேசிய வணிகக் கப்பலைக் கைப்பற்றின. அச்செயல் முறையே என நிறுவித் தருமாறு டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி குரோசியசு என்னும் இளம் வழக்கறிஞரை வேண்டிற்று. அவர் எழுதிய பெருநூலின் 12ஆம் இயலே 1609இல் 'கட்டற்ற கடல்' எனப் பெயரிடப்பெற்று, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. நிலம்போல் கடலைக் கைக்கொள்ளல் இயலாது. ஒருவர் கலம் செலுத்துவதால் அது பிறர்க்குக் குறைவதுமில்லை. ஆதலின் கடற்செலவும் வணிகமும் யாவர்க்கும் பொது என்பது அவர் துணிபு. பின்னர்க் கீழைத் தீவுகளின் நறுமணப் பொருள் வணிகத்தை டச்சுக்காரர் தமக்கே உரித்தாக்க முயன்றனர். 1613இல் இலண்டனில் நிகழ்ந்த பேச்சில் ஆங்கிலேயர் அந்நூலையே எடுத்துக்காட்டி மறுத்தனர். தீவினரோடு செய்த உடன்படிக்கைகளைக் காட்டிக் குரோசியசு விடையிறுத்தார். ஒரு கும்பினியின் நலங்கருதிப் பிறந்த கொள்கை அந்நலத்தையே தடுக்கும் பொதுவிதியாய் வளர்ந்தமை இதனால் பெறப்படும்.