பழைய பேரேடும் புதிய கணக்கரும்

தை, மாசி மாதங்கள். தஞ்சை வட்டாரத்தில் சம்பா அறுவடை மும்முரமாக நடக்கும் காலம். அரிசி ஆலை வாசலில் நெல் மூட்டைகளுடன் டிராக்டர்கள் வரிசையாக நிற்கின்றன. யார் எத்தனை மூட்டை கொண்டுவந்தார், ஈரப்பதம் எவ்வளவு, எவ்வளவு தொகை பாக்கி என்பதெல்லாம் ஒரு காலத்தில் பேரேட்டில் எழுதப்பட்டன. இன்று அவை கணிப்பொறியின் தகவல் தளத்தில் பதிவாகின்றன.

அந்த ஆலையில் முதல் நாள் இரவு மென்பொருளைப் புதுப்பித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் கணக்கு திறக்கவில்லை. வெளியே நெல்லின் மீது பனி இறங்கிக்கொண்டிருக்கிறது. கணக்கெல்லாம் அழிந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. தகவல் தளத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. வட்டில் உள்ள கோப்புகள் பேரேடு போன்றவை. அவற்றைப் படித்து எழுதும் மென்பொருள் கணக்கர் போன்றது. புதுப்பித்தபோது மாறியவர் கணக்கர்தாம். பேரேடு அப்படியே இருக்கிறது.

1986-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்விலிருந்து பிறந்தது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் மென்பொருள். உலகெங்கும் பயன்படும் இதன் பெரிய பதிப்பு மாறும்போது, பேரேடு எழுதும் முறையும் மாறலாம். பழைய கோப்பைக் கண்டதும் புதிய பதிப்பு இயங்க மறுத்துவிடும். புரியாத ஏட்டில் கிறுக்காமல் ஒதுங்கி நிற்பது நல்ல கணக்கரின் குணம் அல்லவா?

சில வேளை கணக்கு திறக்கும்; ஆனால் விடை தவறாக வரும். இது இன்னும் ஆபத்தானது. பெயர்களைத் தேட அகரவரிசைப்படி ஓர் அட்டவணை உண்டு. நம் நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பின்னரே ழகரம்; எனவே பவானி முன், பழனி பின். ஆனால் யூனிகோடு எண் வரிசையில் ழகரம் முந்துகிறது. அங்கே பழனிதான் முன். ஒரு விதிப்படி அடுக்கிய அட்டவணையில் வேறொரு விதிப்படி தேடினால் என்ன ஆகும்? இருக்கும் பெயரே இல்லை என்று விடை வரும். அதை நம்பி அதே விவசாயியை மறுபடியும் பதிவு செய்துவிடுவார்கள். 2018-இல் லினக்ஸ் கணிப்பொறிகளின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பில் வரிசை விதிகள் திருத்தப்பட்டபோது, பல தகவல் தளங்களில் இத்தகைய கோளாறு நேர்ந்தது. அட்டவணையைப் புதிதாகக் கட்டுவதே இதற்கு மருந்து.

புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால்? கடைக்காரர் வரவுசெலவை முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு, பிறகு பேரேட்டில் ஏற்றுவார். தகவல் தளமும் அப்படியே செய்கிறது. மின்சாரம் வந்ததும் சிட்டையைப் பார்த்து, விட்டுப்போனதைப் பேரேட்டில் ஏற்றிவிடும். இந்தச் சிட்டை இருந்த அடைவின் பெயர் வெறும் இயக்கக் குறிப்பு போலத் தோன்றியதால், வட்டில் இடம் வேண்டி அதை அழித்துவிட்டுத் தவித்தவர்கள் உண்டு. அதனாலேயே 2017-இல் வந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 10-ஆம் பதிப்பில் அதன் பெயரை மாற்றினார்கள்.

இனிச் சிகிச்சை முறை. பதற்றத்தில் எதையும் அழிக்கக் கூடாது.

1. மென்பொருளை நிறுத்திவிட்டு, கோப்புகள் முழுவதையும் வேறொரு வட்டில் படியெடுக்க வேண்டும்.

2. பிழைக் குறிப்பின் கடைசி வரிகளைப் படிக்க வேண்டும். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

3. புதிய பதிப்பு எதையும் எழுதாமல் நின்றிருந்தால், பழைய பதிப்பைத் திரும்ப நிறுவலாம், கணக்கு திறக்கும். எழுதத் தொடங்கியிருந்தால், புதுப்பிக்கும் முன் எடுத்த காப்புப் படியிலிருந்து மீட்பதே பாதுகாப்பு.

4. பிறகு தகவல்களைப் பழைய பதிப்பைக் கொண்டு வெளியே எடுத்து, புதிய பதிப்பில் ஏற்ற வேண்டும். இதை முதலில் படியில் செய்து பார்க்க வேண்டும்.

காப்புப் படி இருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து ஒருமுறையாவது கணக்கை மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். முளைப்புத் திறனைச் சோதிக்காத விதைநெல்லை நம்பி நாற்றங்கால் விடலாமா?

மேட்டூர் அணை திறக்கும் முன், கோடையிலேயே வாய்க்கால்களைத் தூர் வாருகிறோம். தண்ணீர் ஓடும்போது யாரும் மதகைக் கழற்றுவதில்லை. மென்பொருளைப் புதுப்பிப்பதற்கும் அறுவடைக் காலம் ஏற்றதன்று.