வடிகால் அடைப்பைக் கண்டறிய 250 கிராம் ட்ரோன்: வடிவமைப்பும் செய்முறையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடைமடை விவசாயிகளின் கவலை தண்ணீர் வருவதைப் பற்றியதல்ல. வந்த தண்ணீர் வடிவதைப் பற்றியதாகும். கீழ்வேளூர் வட்டாரம் கடல் மட்டத்திற்குச் சற்றே உயர்ந்த சமதளப் பூமி. வெட்டாறும் கடுவையாறும் கடலை நெருங்கும் இப்பகுதியில் நிலத்திற்குச் சரிவு மிகக் குறைவு. கடல் ஏற்றத்தின்போது ஆற்று நீர் வடிவது இன்னும் மந்தமாகிவிடும். இந்நிலையில் வடிகாலில் ஓரிடத்தில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டாலும், நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிவிட்டாலும் மேலே பல ஏக்கர் சம்பாப் பயிர் மூழ்கிவிடும். சி.ஆர். 1009 சப் 1 போன்ற இரகம் இரண்டு வார அளவு நீரில் மூழ்கினாலும் தாங்கக்கூடியது. சாதாரண இரகங்களுக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை. ஆகவே அடைப்பு எங்கே என்பதை முதல் நாளே கண்டுபிடிப்பது இன்றியமையாதது.

"அய்யா, தண்ணி வடியலைன்னு தெரியுது. எங்க நிக்குதுன்னுதான் தெரியல. இடுப்பளவு சேத்துல மூணு மைல் நடந்து பாக்க முடியுங்களா?" என்று ஒரு விவசாயி கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குப் பயன்படக்கூடிய ஒரு சிறு கருவியைப் பற்றியே இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

எந்த ட்ரோன்?

ட்ரோன் என்றதும் மருந்து தெளிக்கும் பெரிய கருவியே பலருக்கும் நினைவுக்கு வரும். 10 லிட்டர் மருந்தைச் சுமக்கும் அக்கருவி வேறு வகை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000க்கு 80 சதவிகிதம் வரை மானியத்தில் அத்தகைய ட்ரோன்களை வழங்க 2023ஆம் ஆண்டு மத்திய அரசு முடிவு செய்தது. நாம் இங்கே பேசுவது எதையும் சுமக்காத, பார்ப்பதற்கு மட்டுமான கருவி. நான்கு விசிறிகள், ஒரு சிறு கேமரா, ஒரு பேட்டரி ஆகியவையே இதன் முக்கிய உறுப்புகள். கேமரா காணும் காட்சி, ஓட்டுபவர் கண்ணில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடிக்கு உடனுக்குடன் வந்து சேரும். கருவிக்குள் தாமே அமர்ந்து பார்ப்பது போல ஓட்டலாம். இதை எஃப்.பி.வி. முறை என்பர்.

இத்துறையில் தமிழ்நாடு பின்தங்கியிருக்கவில்லை. சென்னை குரோம்பேட்டையில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்தில் 'தக்‌ஷா' என்ற மாணவர் குழுவினர் பல ஆண்டுகளாக ட்ரோன்களை வடிவமைத்து வருகின்றனர். 2018ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டி நடந்தது. அதில் இக்குழு இரண்டாம் இடம் பெற்றது. நமது கிராமங்களில் டிப்ளமோ படித்துவிட்டு செல்போன் பழுது பார்க்கும் இளைஞர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். கீழே சொல்லப்படும் கருவியைக் கட்ட அவர்களது கைத்திறன் போதுமானது.

எடைதான் அடிப்படை

அதிக நேரம் பறக்க வேண்டுமானால் பெரிய பேட்டரி போட்டால் போதும் என்று புதிதாகச் செய்பவர்கள் நினைக்கிறார்கள். இது தவறு. ட்ரோன் காற்றைக் கீழே தள்ளித் தன் எடையைத் தாங்குகிறது. அதே விசிறிகளை வைத்துக்கொண்டு எடையை இரு மடங்காக்கினால் மின்சாரச் செலவு இரு மடங்கோடு நிற்காது, ஏறத்தாழ 2.8 மடங்காகிவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பேட்டரி 140 கிராம், மற்ற பாகங்கள் 110 கிராம், ஆக மொத்தம் 250 கிராம் உள்ள ட்ரோன் 25 நிமிடம் பறப்பதாக வைத்துக்கொள்வோம். பேட்டரியை இரு மடங்காக்கினால் மொத்த எடை 390 கிராம் ஆகும். சேமிப்பு மின்சாரம் இரு மடங்கு. செலவும் ஏறத்தாழ 1.95 மடங்கு. கணக்குப்படி பறக்கும் நேரம் 26 நிமிடத்தைக்கூட எட்டாது. இரு மடங்கு பணம் செலவழித்தும் ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. மாறாக, பேட்டரியைத் தொடாமல் மற்ற பாகங்களில் 20 கிராம் குறைத்தால் மூன்று நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். எனவே கிராம் கணக்கில் சிக்கனம் பார்ப்பதே இக்கருவியின் வடிவமைப்பு இரகசியம்.

இரண்டாவது விதி விசிறியைப் பற்றியது. சிறிய விசிறி வேகமாகச் சுழல்வதைவிடப் பெரிய விசிறி மெதுவாகச் சுழல்வது சிக்கனமானது. இந்த எடைக்கு 4 அங்குல விட்டமுள்ள, இரண்டு இதழ் விசிறி பொருத்தமாக இருக்கும். மூன்று இதழ் விசிறி வேண்டாம்.

எடைப் பங்கீடு

பொருள்கள் வாங்கும் முன் கீழ்க்கண்டவாறு எடைப் பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும்.

கார்பன் இழைச் சட்டம்: 30 கிராம்
மோட்டார் 4 (1404 அளவு, ஒன்று 9 கிராம்): 36 கிராம்
விசிறி 4: 8 கிராம்
பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை: 10 கிராம்
கேமராவும் பட ஒலிபரப்பியும்: 10 கிராம்
ரிசீவர், ஆன்டெனா: 2 கிராம்
ஜி.பி.எஸ்.: 5 கிராம்
ஒயர், திருகு, டேப்: 7 கிராம்
லித்தியம் அயன் செல் 3 (18650 அளவு, ஒன்று 46 கிராம்): 138 கிராம்
மொத்தம்: 246 கிராம்

250 கிராமுக்கு 4 கிராம்தான் மிச்சம். ஆகவே பொருள் ஒவ்வொன்றையும் நகைக்கடைத் தராசு போன்ற சிறு மின்னணுத் தராசில் நிறுத்துப் பார்த்த பிறகே பொருத்த வேண்டும். தெளிவான படம் தரும் டிஜிட்டல் கேமரா இதைவிட எடை கூடியது. அதைப் பொருத்தினால் 250 கிராமைத் தாண்டிவிடும். அனலாக் கேமராவின் படம் சற்று மங்கலாக இருந்தாலும், எங்கே நீர் தேங்கி நிற்கிறது, எங்கே செடி மண்டியிருக்கிறது என்பதைக் காண அது போதும். இடம் தெரிந்த பிறகு நடந்து சென்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

கட்டும் முறை

1. மூன்று செல்களையும் தொடராக இணைத்தால் 10.8 வோல்ட் கிடைக்கும். ஒவ்வொன்றும் 3,000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு உள்ளதாகவும், தொடர்ந்து 15 ஆம்பியர் தரக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்த செல்கள் இந்தச் சுமையைத் தாங்கா. பாதி வழியில் மின்னழுத்தம் சரிந்து ட்ரோன் வயலில் விழும்.

2. மோட்டார்களைச் சட்டத்தில் பொருத்தும்போது, திருகு நீளமாக இருந்து மோட்டாரின் செப்புச் சுற்றைத் தொடாதவாறு பார்த்துக்கொள்ளவும். தொட்டால் மோட்டார் கருகிவிடும்.

3. ஒயர்களைத் தேவைக்கு மேல் நீளமாக விடக்கூடாது. சால்டரிங் செய்த இடங்களை மல்ட்டி மீட்டரால் சோதித்து, எங்கும் ஷார்ட் இல்லை என்று உறுதி செய்த பின்னரே பேட்டரியை இணைக்க வேண்டும்.

4. ஜி.பி.எஸ். கருவியைப் பட ஒலிபரப்பியிலிருந்து இயன்ற அளவு தள்ளி வைக்கவும். அருகில் வைத்தால் செயற்கைக்கோள் சமிக்ஞை சரிவரக் கிடைக்காது.

5. ஐநேவ், பீட்டாஃபிளைட் ஆகிய இயக்க மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ரேடியோத் தொடர்பு அறுந்தால் கருவி தானே புறப்பட்ட இடத்திற்குத் திரும்பும் ஏற்பாட்டை இவற்றில் அமைக்கலாம். திரும்பும் உயரத்தை 40 மீட்டர் என்று வைத்தால் தென்னை, பனை மரங்களுக்கு மேலாக வந்து சேரும். விசிறிகளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் சோதனை செய்ய வேண்டும்.

6. நமது வட்டாரத்தில் ட்ரோன் தண்ணீரில் விழும் வாய்ப்பு அதிகம். மின்னணுப் பலகைகளின் மேல் ஈரம் புகாத பூச்சு கொடுப்பது நல்லது. நிறமற்ற நகப்பூச்சும் ஓரளவு உதவும். இணைப்பு முனைகளிலும் கேமரா வில்லையிலும் பூச்சு படக்கூடாது.

ரேடியோ அலைவரிசையில் எச்சரிக்கை

தொலைதூர ட்ரோன்களுக்கென வெளிநாடுகளில் விற்கப்படும் ரிசீவர்களில் பல 915 மெகா ஹெர்ட்ஸில் இயங்குபவை. இந்தியாவில் அது உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய அலைவரிசை அன்று. 865 முதல் 867 மெகா ஹெர்ட்ஸ், அல்லது 2.4 கிகா ஹெர்ட்ஸில் இயங்கும் கருவியையே கேட்டு வாங்கவும். படத்திற்கு 5.8 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் பயன்படுத்தலாம்.

சட்டம் சொல்வது

2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராமும் அதற்குக் குறைவும் உள்ளவை 'நானோ' வகையாகும். இவ்வகைக்கு ஓட்டுநர் சான்றிதழும், கருவிக்கான வகைச் சான்றிதழும் தேவையில்லை. எடையை 250 கிராமுக்குள் நிறுத்தச் சொல்வதற்கு இது மற்றொரு காரணம். ஆனால் சான்றிதழ் வேண்டாம் என்பதால் எங்கும் பறக்கலாம் என்று பொருளல்ல. டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் உள்ள வரைபடத்தில் உங்கள் கிராமம் பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பதிவு விவரங்களையும் அறிந்துகொள்ள வேண்டும். கடற்கரை மாவட்டமான நமக்கு இது மிகவும் முக்கியம். பச்சைப் பகுதியிலும் 400 அடிக்கு மேல் செல்லக்கூடாது. உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் முன்கூட்டியே சொல்லி வைப்பது வீண் தொல்லையைத் தவிர்க்கும்.

கருவி கண்பார்வைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதும் விதி. கண்ணாடி மாட்டியவருக்கு ட்ரோன் தெரியாது. ஆகவே பக்கத்தில் இன்னொருவர் நின்று அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இவ்வளவு சிறிய கருவி 300 மீட்டருக்கு அப்பால் வெறும் புள்ளியாகிவிடும். அப்படியானால் நீண்ட தூரம் பறக்கும் வடிவமைப்பால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் தூரத்தில் அல்ல, நேரத்தில் இருக்கிறது. சாதாரணச் சிறு ட்ரோன் ஆறேழு நிமிடத்தில் இறங்கிவிடும். 25 நிமிடம் நிற்கும் கருவியை வைத்துக்கொண்டு வடிகால் கரையிலேயே நடந்தபடி, மதகு, பாலம், வளைவு ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்க்கலாம். பேட்டரி கால் பங்கு இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். 246 கிராம் எம்மாத்திரம்? பலத்த காற்றிலும் மழையிலும் ட்ரோனைப் பறக்க விடக்கூடாது. மழை விட்ட இடைவெளியில், அதிலும் காற்று குறைந்த காலை நேரத்தில் பறக்க விடுவது சிறந்தது. உயர் அழுத்த மின்கம்பிகளிலிருந்தும் பருந்துகளிடமிருந்தும் விலகியிருக்க வேண்டும்.

பேட்டரியை ஆள் பக்கத்தில் இல்லாமல் சார்ஜ் செய்யக் கூடாது. கூரை வீட்டுக்குள் சார்ஜ் செய்வதை அறவே தவிர்க்க வேண்டும். செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றவோ, 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கவோ கூடாது. விழுந்து நசுங்கிய செல்லை மீண்டும் பயன்படுத்துவது ஆபத்து.

குளத்துப் படித்துறை, வீட்டுக் கொல்லை ஆகியவற்றின் மேல் பறக்க விடாதீர்கள். பெண்கள் புழங்கும் இடத்தில் கேமரா தலைகாட்டினால், எவ்வளவு நல்ல காரியத்திற்காகச் செய்ததாக இருந்தாலும் ஊரார் ஒப்ப மாட்டார்கள்.

கூட்டாகச் செய்வதே நலம்

இரண்டு ஏக்கர் விவசாயி இக்கருவியைத் தனியாக வாங்க வேண்டிய அவசியமில்லை. ஒரே வடிகாலை நம்பியிருக்கும் விவசாயிகள் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் குழு மூலமாகவோ ஒன்று வைத்துக்கொண்டு, கட்டத் தெரிந்த இளைஞர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம். புரட்டாசியில், மழைக்கு முன்பே ஒருமுறை வடிகால் முழுவதையும் பார்த்து, மண்டிய இடங்களைக் குறித்து நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுப்பது முறை. மழை பெய்த மறுநாள் இரண்டாம் முறை பார்க்க வேண்டும்.

தண்ணீர் தேங்கும் நாட்களில் கீழ்க்கரையார் அடைத்துவிட்டார்கள் என்று மேல்கரையாரும், மேல்கரையார் வெட்டிவிட்டார்கள் என்று கீழ்க்கரையாரும் சண்டையிடுவது நாம் அறிந்ததே. இரு தரப்பிலும் ஒருவரை வரவழைத்து, ஆளுக்கொரு முறை அந்தக் கண்ணாடியை மாட்டிப் பார்க்கச் செய்யுங்கள். அடைத்தது பக்கத்து வயல்காரரா, ஆகாயத்தாமரையா என்பதை இருவரும் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டால், மண்வெட்டியுடன் எங்கே போக வேண்டும் என்பதில் தகராறு வராது.

மூழ்கிய பயிரின் பராமரிப்பு, வடிந்த பின் இட வேண்டிய மேலுரம் ஆகியவை குறித்து கீழ்வேளூர் வேளாண்மைக் கல்லூரியையோ, சிக்கல் வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ அணுகி விவசாயப் பெருமக்கள் ஆலோசனை பெறலாம்.