தட்டு கெட்டால் மாற்றுத் தட்டு உண்டா?

காசு கொடுத்து வாங்கிய சினிமா டி.வி.டி. பாதியில் நின்றுவிட்டால் யாரிடம் முறையிடுவது? வாங்கிப் பல வருடமாகியிருந்தால் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். படத்தை வெளியிட்ட நிறுவனம்தான் கதி. அந்த நிறுவனங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதற்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லலாம்.

2002 டிசம்பரில் யுனிவர்சல் நிறுவனம் ‘பேக் டு தி ஃபியூச்சர்’ படங்கள் மூன்றையும் சேர்த்து டி.வி.டி.யாக வெளியிட்டது. இரண்டாம், மூன்றாம் பாகங்களில் சில காட்சிகள் சட்டத்துக்குள் சரியாகப் பொருந்தாமல் வெட்டுப்பட்டிருந்தன. ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. நிறுவனம் திருத்திய தட்டுகளைத் தயாரித்து மாற்றிக் கொடுத்தது. ‘வி2’ என்ற குறிதான் அவற்றுக்கு அடையாளம்.

அது பதிவில் நேர்ந்த பிழை. மற்றது தட்டே கெட்டுப்போன கதை.

டி.வி.டி. என்பது ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டிச் செய்தது. உள்ளே மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. ஒட்டு சரியில்லாவிட்டால் அந்தப் பூச்சு நாளடைவில் அரித்துப் போகும். பிறகு கீறல் இல்லாத தட்டும் ஓடாது.

வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 2006 முதல் 2008 வரை தயாரான தனது டி.வி.டி.க்கள் சிலவற்றில் கோளாறு இருக்கக்கூடும் என்று 2025-ல் ஒப்புக்கொண்டது. முடிந்தவரை அதே படத்தையே மாற்றித் தருவதாகவும் சொன்னது. ஆனால் சில படங்கள் இப்போது அச்சில் இல்லை. சிலவற்றின் உரிமை கைமாறிப் போய்விட்டது. அவற்றுக்குப் பதிலாக அதே மதிப்புள்ள வேறொரு படம்!

சிக்கல் இங்கேதான். விலை சரிசமமாக இருக்கலாம். ஆசைப்பட்டு வாங்கி வைத்த பழைய படத்துக்கு வேறொரு படம் ஈடாகுமா? வேறெங்கும் கிடைக்காத படமென்றால் நஷ்டம் ரசிகருக்குத்தான்.

வீட்டில் டி.வி.டி.க்கள் வைத்திருப்பவர்கள் அவற்றைக் கடைசி வரை ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. தொடக்கம் நன்றாக ஓடுகிறதே என்று எடுத்து வைத்துவிடக் கூடாது. கோளாறு பாதிக்கு மேலும் இருக்கலாம். கெட்டிருந்தால் உடனே எழுதிக் கேட்க வேண்டும். உரிமை நிறுவனத்தின் கையில் இருக்கும் வரைதான் அதே படம் திரும்பக் கிடைக்கும்.