பெயரும் தலைப்பெழுத்தும்

மக்கள் ஒருவரிலிருந்து மற்றொருவரைப் பிரித்தறிதற்கு அமைத்துக்கொண்ட கருவிகளுள் முதன்மையானது பெயர். மலையும் ஆறும் ஊரும் பெயர் பெற்றிருத்தல்போல மனிதனும் பெயர் பெறுகின்றான். ஆயினும் ஒரே பெயருடைய ஊர்கள் சிலவே. ஒரே பெயருடைய மக்களோ ஆயிரக்கணக்கினர். பிரித்தறிதற்கென ஏற்பட்ட பெயரே பலரை ஒருவராக மயங்கச் செய்தல் வியப்பன்றோ? அம்மயக்கத்தை மக்கள் நீக்கிக்கொண்ட முறையும், ஒரே பெயர் தாங்கிய சிலர் கடலிலும் ஆட்சியிலும் ஆட்டக்களத்திலும் விளங்கிய வரலாறும் அறியத்தக்கன.

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனியை அடுத்துள்ளது ஆயக்குடி. கொய்யாத் தோட்டங்களால் பெயர்பெற்ற அவ்வூர் முற்காலத்தில் ஒரு பாளையத்தின் தலைமையிடமாக விளங்கியது. பழனிமலையை நாள்தோறும் கண்டு வாழும் அவ்வட்டாரத்து மக்கள் முருகப்பெருமான் பெயரைத் தம் மக்கட்கு இடுவதில் பெருவிருப்பம் உடையர். பழனிச்சாமி, பழனியம்மாள், தண்டபாணி, வேலுச்சாமி, முருகேசன் என்னும் பெயர்கள் ஆங்கே தெருத்தோறும் ஒலிக்கும். கடைவீதியில் நின்று ஒருவர் ‘பழனிச்சாமி’ என்று அழைப்பின் நால்வர் திரும்பிப் பார்ப்பர். ஆதலின் மக்கள், ‘மேலத்தெருப் பழனிச்சாமி’ என்றும், ‘தோட்டத்துப் பழனிச்சாமி’ என்றும், ‘மாரியப்பன் மகன் பழனிச்சாமி’ என்றும் அடைகொடுத்து வழங்குவர். பாட்டன் பெயரைத் தாங்குதலின் மகனின் மகன் ‘பெயரன்’ எனப்பட்டான். அதுவே ‘பேரன்’ என மருவிற்று. ஒரே பாட்டனுக்குப் பெயரர் பலராயின், ஒரு குடும்பத்திற்குள்ளேயே ஒரு பெயர் உடையார் மூவர் நால்வர் அமைந்துவிடுதலும் உண்டு. பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இவர்களைப் பிரித்துக் காட்டுவது பெயர்க்கு முன் நிற்கும் ஓரெழுத்தே. அதனைத் தலைப்பெழுத்து என்பர்.

இவ்வழக்கம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. சங்கப் புலவர்களின் பெயர்களை நோக்குவார்க்கு இதன் பழைமை விளங்கும். ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்னும் பெயரில் ஊரும், தந்தையும், மகன் என்னும் முறையும், இயற்பெயரும் நிரலே அமைந்துள்ளன. கணக்காயர் என்பார் ஆசிரியர். ‘மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்’ என்பதில் ஊரோடு தொழிலும் சேர்ந்துள்ளது. கூலம் என்பது தானியம். சாத்தன் என்னும் பெயர் அக்காலத்தில் பெருவழக்காய் இருந்தது. அதனால் ஒக்கூர்ப் புலவர் ஒருவர் ‘ஒக்கூர் மாசாத்தனார்’ எனப்பட்டார். அவ்வூர்ப் பெண்பாற் புலவர் ‘ஒக்கூர் மாசாத்தியார்’ எனப்பட்டார். அன்று முழுச்சொல்லாய்ப் பெயர்க்கு முன் நின்ற தந்தையும் ஊரும் இன்று ஒவ்வோர் எழுத்தாய்ச் சுருங்கி நிற்கின்றன. தாயின் பெயரெழுத்தையும் சேர்த்து எழுதுவோர் இக்காலத்தில் உளர்.

மேலைநாட்டார் கொண்ட முறை வேறு. அவர்கள் தம் இயற்பெயருக்குப் பின் குடிப்பெயர் ஒன்றைச் சேர்த்து வழங்குவர். அக்குடிப்பெயர் தந்தையிடமிருந்து மக்களுக்கும், அவரிடமிருந்து அவர்தம் மக்களுக்கும் மாறாமற் செல்லும். இதுவும் முதலில் நம் தலைப்பெழுத்துப் போன்றதே. இங்கிலாந்தில் ஹாரி என்பவன் மகன் ‘ஹாரிஸ்’ எனப்பட்டான். அவன் மகனுக்குத் தந்தை ஹாரி அல்லன். எனினும் அவனும் ஹாரிஸ் என்றே அழைக்கப்பட்டான். இவ்வாறு ஒரு தந்தையின் பெயர் ஒரு குடியின் பெயராக உறைந்துவிட்டது. தமிழர் தலைப்பெழுத்து தலைமுறைதோறும் மாறும்; ஆங்கிலேயர் குடிப்பெயர் மாறாது. இவ்வொரு வேறுபாடே இரு நாட்டு வரலாற்றிலும் பெயர்களைப் படிக்கும் முறையை வேறாக்குகின்றது.

ஹாரிஸ் என்னும் அப்பெயர் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. திண்டுக்கற் கோட்டை 1790ஆம் ஆண்டில் கும்பினிப் படையால் பிடிக்கப்பட்டது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் திப்பு சுல்தான் திண்டுக்கல் நாட்டைக் கும்பினியாரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. ஆயக்குடி முதலிய பாளையங்கள் அதன்பின் சென்னை அரசாங்கத்தின் ஆணைக்கு உட்பட்டன. ஏழாண்டுகள் கழித்து, 1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள், சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்புவும் போரில் மடிந்தார். அப்போரை நடத்திய ஆங்கிலப் படைத்தலைவர் சார்ஜ் ஹாரிஸ் என்பவர். இங்கிலாந்து அரசு 1815ஆம் ஆண்டில் அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தது. அப்பட்டத்தில் சீரங்கப்பட்டணமும் மைசூரும் இடம்பெற்றன. வீழ்த்தப்பட்ட நாட்டின் பெயர் வீழ்த்தியவர் பட்டத்திற்கு அணியாயிற்று.

அவர் பேரரான மூன்றாம் ஹாரிஸ் பிரபு, 1854 முதல் 1859 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராய் இருந்தார். தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடியதும், 1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அவர் காலத்திலேயாம். அவர் மகனார் நான்காம் ஹாரிஸ் பிரபு கிரிக்கெட் ஆட்டத்தில் புகழ்பெற்றார். இங்கிலாந்து மண்ணில் முதன்முதல் நடந்த தேர்வுப் போட்டி, 1880ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ஓவல் திடலில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நிகழ்ந்தது. அதில் இங்கிலாந்து அணிக்குத் தலைவராய் இருந்தவர் இவரே. இவர் 1890 முதல் 1895 வரை பம்பாய் மாகாணத்தின் ஆளுநராகவும் பணியாற்றினார். பம்பாயில் இந்திய இளைஞர் கிரிக்கெட் ஆடிய திடலை ஐரோப்பியர் குதிரைமேல் போலோ ஆடிப் பாழாக்கினர். இந்தியர் ஆளுநரிடம் முறையிட்டனர். முடிவு ஐரோப்பியர்க்கே சார்பாயிற்று. ஆட்டத்தை நேசித்தவர் ஆட்சி நாற்காலியில் அமர்ந்தபோது, ஆடுவோர் யாவரையும் ஒன்றாகக் கருதினாரல்லர்.

இம்மூவரும் ஒரு குடியினர். ஆனால் அப்பெயருடையார் எல்லாரும் அக்குடியினர் என்று கொள்ளுதல் தவறு. வில்லியம் ஸ்நோ ஹாரிஸ் என்பவர் பிளிமத் துறைமுக நகரத்து மருத்துவர். மின்னியல் ஆய்வில் ஈடுபட்டவர். அக்காலத்து மரக்கப்பல்களின் உயர்ந்த பாய்மரங்களை இடி தாக்கிப் பிளத்தலும், அதனால் மாலுமிகள் மடிதலும் உண்டு. பாய்மரத்தின் உச்சியிலிருந்து கப்பலின் அடிப்பகுதிவரை செப்புத் தகடுகளைத் தொடர்ச்சியாகப் பதித்தால், மின்னல் அவற்றின் வழியே கடலிற் சென்று அடங்கும் என்று அவர் காட்டினார். பல்லாண்டுப் போராட்டத்திற்குப் பின் ஆங்கிலக் கப்பற்படை அம்முறையை மேற்கொண்டது. 1847ஆம் ஆண்டில் அவருக்கு வீரப்பட்டம் கிடைத்தது. சீரங்கப்பட்டணத்தை வென்ற ஹாரிசுக்கும் இடியை வென்ற ஹாரிசுக்கும் பெயரன்றி வேறு ஒற்றுமை இல்லை.

இனித் தமிழ்நாட்டுப் பெயர் ஒன்றைக் கொண்டு இதனை நோக்குதல் தகும். சிதம்பரம் என்பது தில்லைத் திருத்தலத்தின் பெயர். பழனி என்னும் தலம் பழனிச்சாமிகளைத் தந்ததுபோல, அத்தலமும் எண்ணற்ற சிதம்பரங்களைத் தமிழ்நாட்டிற்குத் தந்துள்ளது. அவர்களுள் இருவர் பெயர் இன்று இரண்டு பெருநகரங்களில் நிலைபெற்றுள்ளது.

முன்னவர் வ. உ. சிதம்பரனார். இவர் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். பெயரில் உள்ள ‘உ’, தந்தையார் உலகநாதரைக் குறிக்கும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அக்காலத்தில் ஆங்கிலக் கம்பெனியின் கப்பல்களே ஆட்சி செலுத்தின. சிதம்பரனார் 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். பத்து இலட்சம் ரூபாய் முதலீட்டை, ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாக வகுத்து மக்களிடம் திரட்ட முனைந்தார். 1907ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. வாணிகத்தால் அடக்க இயலாதவரை அரசாங்கம் வழக்கால் அடக்கிற்று. 1908ஆம் ஆண்டில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் மாடுபோலச் செக்கிழுத்தார். 1912ஆம் ஆண்டின் இறுதியில் விடுதலை பெற்று வெளிவந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை, வழக்கறிஞர் தொழில் நடத்தும் உரிமையும் இல்லை.

வறுமையிலும் அவர் தமிழை விட்டாரல்லர். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை எழுதினார். இழந்த வழக்கறிஞர் உரிமை மீளுதற்கு வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி துணைநின்றார். அந்நன்றியை மறவாத சிதம்பரனார் தம் மகனுக்கு ‘வாலேசுவரன்’ எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியால் அனைத்தும் இழந்தவர், ஆங்கிலேயர் ஒருவர் செய்த நன்மைக்காக அவர் பெயரைத் தமிழாக்கித் தம் குடும்பத்துள் வைத்துக்கொண்டார். பெயரிடுதல் நன்றி செலுத்தும் வழியும் ஆதல் இதனால் விளங்கும். சிதம்பரனார் 1936ஆம் ஆண்டில் மறைந்தார். 75 ஆண்டுகள் கழித்து, 2011ஆம் ஆண்டில், தூத்துக்குடித் துறைமுகத்திற்கு அவர் பெயர் இடப்பட்டது.

மற்றவர் மு. அ. சிதம்பரம். இவர் 1918ஆம் ஆண்டில் செட்டிநாட்டு அரசர் அண்ணாமலையாரின் மகனாகப் பிறந்தார். ‘மு’ பாட்டனார் முத்தையாவையும், ‘அ’ தந்தையார் அண்ணாமலையையும் குறிக்கும். தந்தையார் சிதம்பரம் நகரில் பல்கலைக்கழகம் கண்டவர். மகனாரோ தொழில்துறையிலும் கிரிக்கெட் நிருவாகத்திலும் பெயர் பெற்றார். 1960 முதல் 1963 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராயிருந்தார். தமிழ்நாட்டுக் கிரிக்கெட் சங்கத்தையும் நெடுங்காலம் நடத்தினார். சென்னைச் சேப்பாக்கம் ஆட்டக்களம் இன்று இவர் பெயரால் வழங்குகின்றது. அக்களம் முன்னர் 1846ஆம் ஆண்டில் ஐரோப்பியர் நிறுவிய சென்னைக் கிரிக்கெட் கழகத்திற்கு உரியதாயிருந்தது. அக்கழகத்தில் இந்தியர்க்கு இடமில்லாத காலத்தில், புச்சிபாபு நாயுடு என்பார் 1888ஆம் ஆண்டில் இந்தியர்க்கெனத் தனிக்கழகம் கண்டார். 1952ஆம் ஆண்டில் இந்தியா தன் முதல் தேர்வுப் போட்டி வெற்றியை இங்கிலாந்துக்கு எதிராகப் பெற்றதும் சேப்பாக்கத்திலேயே.

இவ்விரு சிதம்பரங்களும் ஒரு குடியினர் அல்லர். ஓர் ஊரினரும் அல்லர். ஒருவர் தம் பொருளையெல்லாம் இழந்தார். மற்றவர் பெருஞ்செல்வத்திற் பிறந்து வளர்ந்தார். எனினும் தூத்துக்குடி இருவர்க்கும் பொதுவாயிற்று. முன்னவர் கப்பல் விட்ட அந்நகரில், பின்னவர் 1969ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனத்தின் உரத் தொழிற்சாலை அமைந்தது. தலைப்பெழுத்தை நீக்கிவிட்டு, ‘சிதம்பரம் துறைமுகம்’, ‘சிதம்பரம் ஆட்டக்களம்’, ‘சிதம்பரம் தொடங்கிய ஆலை’ என்று மட்டும் எழுதினால், பின்வருவோர் இவை யாவும் ஒருவர் செயலெனக் கருதவும் கூடும். அவ்வாறாயின் செக்கிழுத்தவர் துன்பம் செல்வர் புகழில் கரைந்து மறையும். செல்வரின் உழைப்பும் உரியவர்க்குச் சேராது போகும். எனவே தலைப்பெழுத்தைக் காத்தல் வரலாற்றைக் காத்தலேயாகும்.

பெயர்ப்பலகையும் என்றும் நிலைப்பதன்று. சென்னையில் ஹாரிஸ் சாலை என நெடுங்காலம் வழங்கிய தெரு இப்பொழுது ஆதித்தனார் சாலை எனப்படுகின்றது. ஆள்வோர் மாறின் பலகையும் மாறும். மக்கள் உள்ளத்தில் ஒரு பெயர் நிற்பது அதற்குரியவர் செய்த செயலாலேயே. ஹாரிஸ் குடியில் பிறந்தார்க்குப் பிரபுப் பட்டம் பிறப்பிலேயே காத்திருந்தது. ‘கப்பலோட்டிய தமிழர்’ என்னும் பெயரோ எத்தந்தையும் மகனுக்கு வைத்துப்போகக் கூடியதன்று. அது மக்கள் அளித்தது.

ஆதலின் மாணவர்கள் ஒரு பெயரை எழுதுங்கால் அதன் தலைப்பெழுத்தை விடாது எழுதுதல் வேண்டும். அவ்வெழுத்து எவரைக் குறிக்கின்றது என்று வீட்டுப் பெரியோரைக் கேட்டு அறிதலும் நன்று. நால்வர்க்குப் பொதுவான பெயரைத் தாங்கியிருத்தல் எவர்க்கும் இழிவன்று; அப்பெயரால் ஊரார் எவரை முதலில் நினைப்பர் என்பது அவரவர் செயலைப் பொறுத்தது.