சடான் குகைக்குள் ஒரு நடை

அகதியாய்ப் புறப்பட்ட அப்பா பிறந்த பபேடானைப் பார்க்க 2016-இல் ரங்கூன் போனேன். அங்கிருந்து பஸ் ஏறி, கயின் மாநிலத்தின் பா-ஆன் நகருக்கு அருகிலுள்ள சடான் சுண்ணாம்புக் குகைக்கும் போனேன்.

உள்ளே புத்தர் சிலைகள் இருப்பதால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் நாமே நடக்க வேண்டும். மறுமுனையில் ஏரி, திரும்பிவரப் படகு உண்டு.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு பாறையைக் கரைக்கிறது. அதனால்தான் குகை உண்டாகிறது. அந்த நீர் கூரையிலிருந்து சொட்டும்போது வாயு பிரிந்து, சுண்ணாம்பு தங்கி விழுதாகிறது. ஓரிடத்தில் பற்று, இன்னோரிடத்தில் வரவு. எங்கள் குடும்பக் கணக்கும் அப்படித்தான்.

விழுதைத் தொடாதீர்கள், கையின் எண்ணெய் பட்டால் அது வளராது. மழைக்காலத்தில் குகைக்குள் தண்ணீர் ஏறும். 2021-க்குப் பின் அம்மாநிலத்தில் சண்டை நடக்கிறது. நிலவரம் விசாரிக்காமல் கிளம்பாதீர்கள்.