தோட்டத்து மருந்து தொட்டில்வரை வருமா?

கம்பம், கூடலூர், போடி பக்கம் விடிவதற்கு முன்பே ஜீப் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறிக்கொள்வார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மலையேறி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு, பொழுது சாயத் திரும்புவார்கள். கீழே, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கில், வருஷம் முழுக்க அறுவடையாகும் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பழம் அது.

ஏலத்துக்கும் திராட்சைக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. இரண்டுக்கும் அடிக்கடி 'மருந்து' அடித்தாக வேண்டும். விஷத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் மருந்து! பெயரைக் கேட்டுக் கேட்டே பயம் விட்டுப்போச்சு. ஆனால், அந்த மருந்துக்குப் பயப்பட வேண்டிய ஒரு ஜீவன் இருக்கிறது. அது, வயிற்றில் வளரும் குழந்தை.

உங்கள் வீட்டில் கர்ப்பமான மகளோ மருமகளோ இருக்கிறாளா? கைக்குழந்தை இருக்கிறதா? உங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் பெண் மாசமாக இருக்கிறாளா? அப்படியானால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மூளை எப்போது உருவாகிறது?

கரு உண்டான நாலு வாரத்துக்குள், மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அஸ்திவாரமான நரம்புக் குழாய் மூடிவிடுகிறது. 'நாள் தள்ளிப்போயிருக்கே' என்று அம்மா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் நேரம் அது! பிறக்கும்போது குழந்தையின் மூளை, பெரியவர்கள் மூளையின் எடையில் சுமார் கால் பங்குதான். இரண்டு வயதுக்குள் முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. இவ்வளவு வேகமான வளர்ச்சி பிறகு எந்த வயதிலும் கிடையாது.

அதனால்தான், பெரியவர்களுக்குத் தலைவலியோடு போகிற விஷம் சிசுவுக்கு நிரந்தரச் சேதமாகலாம். ஒருவகைப் பூச்சிமருந்தை உடைத்து வெளியேற்ற நம் ரத்தத்தில் ஒரு என்சைம் இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு அது மிகக் குறைவு.

இன்னொரு பள்ளத்தாக்கு சொல்லும் பாடம்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சலினாஸ் என்றொரு பள்ளத்தாக்கு. கீரை, ஸ்ட்ராபெரி, திராட்சை விளையும் பூமி. அங்கே கூலி வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அங்குள்ள கர்ப்பிணிகளின் சிறுநீரைப் பரிசோதித்து, உடம்பில் 'ஆர்கனோபாஸ்பேட்' பூச்சிமருந்தின் மிச்சம் எவ்வளவு என்று அளந்தார்கள். பிறகு குழந்தைகளின் வளர்ச்சியை வருஷக்கணக்கில் கவனித்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. மருந்தின் மிச்சம் மிக அதிகமாக இருந்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களின் பிள்ளைகளைவிட, 7 வயதில் ஐ.க்யூ. சராசரியாக 7 புள்ளி குறைவு!

ஏழு புள்ளியில் என்ன வந்துவிடும் என்கிறீர்களா? பிள்ளை நடக்கும், பேசும், பள்ளிக்கூடம் போகும். ஆனால் படித்தது மனசில் நிற்க மெனக்கெட வேண்டியிருக்கும். 'எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் மண்டையில ஏற மாட்டேங்குது' என்று நாம் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருப்போம்.

குளோர்பைரிபாஸ், குயினால்பாஸ், மோனோகுரோட்டோபாஸ்... எல்லாம் இந்த வகையறாதான். குளோர்பைரிபாஸை ஐரோப்பிய நாடுகள் 2020-லேயே நிறுத்திவிட்டன. நம் நாட்டில், வேறு வகையைச் சேர்ந்த எண்டோசல்ஃபானுக்கு உச்ச நீதிமன்றம் 2011-ல் தடை போட்டது. கேரளாவின் காசர்கோடு முந்திரித் தோட்டங்களில் 2000-ம் வருஷம்வரை ஹெலிகாப்டரில் தெளித்த மருந்து அது. சுற்றுவட்டார கிராமங்களில் மூளை, நரம்புக் குறைபாடுகளோடு இருந்த பிள்ளைகளின் படங்களைப் பார்த்து நாடே அதிர்ந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் தரச் சொல்லி 2017-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பணம் வந்தாலும், அந்தப் பிள்ளைகளின் குறைபாடு போய்விடுமா?

நீங்கள் செய்யக்கூடியது

• கர்ப்பிணி மருந்து கலக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. அடித்த ஈரம் காயாத பந்தலுக்குள் நுழையவும் கூடாது. மருந்தடித்தவரின் துணியைத் துவைக்கும் வேலையும் அவளுக்கு வேண்டாம்.

• தோட்டத்திலிருந்து வந்ததும் குழந்தையைத் தூக்கக் கை பரபரக்கும். பொறுங்கள்! குளித்து, துணி மாற்றிவிட்டுத் தூக்குங்கள். அந்தத் துணியைக் குழந்தைத் துணியோடு சேர்க்காமல் தனியாக அலசுங்கள்.

• காலி மருந்து டிரம்மில் தண்ணீர் பிடிப்பது, மீந்த மருந்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது... இரண்டுமே வேண்டாம்.

• மருந்து டப்பாவில் முக்கோண அடையாளம் இருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம். பச்சை என்றால் விஷம் குறைவு. வாங்கும்போதே பாருங்கள்.

• தோட்டக்காரராக இருந்தால் ஒரு வார்த்தை. மாசமாக இருக்கிற பெண், கூலி போய்விடுமே என்று வாயைத் திறக்க மாட்டாள். நீங்களே கேளுங்கள். கூலியைக் குறைக்காமல், மருந்து வாடை இல்லாத வேலையைக் கொடுங்கள்.

திராட்சையைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினால், மேலே படிந்த மருந்து ஓரளவு போகும். பழத்துக்குப் பயந்து பழமே சாப்பிடாமல் இருக்க வேண்டாம்.

தொட்டிலுக்கு வந்த பிறகு...

மூளைக்கு ஆபத்து வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. பிறந்த சில நாட்களில் வரும் சில கோளாறுகளைக் கவனிக்காமல் விட்டாலும் அதே சேதம்தான்.

முதலாவது, மஞ்சள் காமாலை. முதல் வாரத்தில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு லேசாக மஞ்சள் தட்டும், தானாகவே சரியாகிவிடும். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்காலுக்கு இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, உடனே ஆஸ்பத்திரி! அளவு மீறிய பிலிரூபின் மூளைக்குள் படிந்தால், காது கேளாமை, கை கால் முறுக்கும் மூளை வாதம் வரை போகும். நீல விளக்கு வெளிச்சத்தில் சில நாள் வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். 'காலை வெயில்ல காட்டு, சரியாப் போயிரும்' என்று அம்மாச்சி சொன்னால், டாக்டர் பார்த்த பிறகு காட்டலாம் என்று சொல்லுங்கள்.

இதில் ஒரு வீட்டு விஷமும் உண்டு. பெட்டியிலிருந்து எடுத்த பழைய துணியில் அந்துருண்டை வாசம் அடிக்கிறதா? 'ஜி6பிடி' என்ற என்சைம் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அந்த வாசமே ரத்த அணுக்களை உடைத்துக் காமாலையை ஏற்றிவிடும். குழந்தைத் துணியிருக்கும் பெட்டியில் அந்துருண்டை போடாதீர்கள்.

இரண்டாவது, பிறவித் தைராய்டு குறைபாடு. நம் நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்றுக்கு வருகிறது. அழாது, பாலுக்கு எழுப்பாது, எந்நேரமும் தூங்கும். 'என் பேத்தி ரொம்பச் சமத்து' என்று கொண்டாடுவோம். மலச்சிக்கல், வெளியே துருத்தும் நாக்கு, இரண்டு வாரம் தாண்டியும் குறையாத காமாலை என்று பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரியும். அதற்குள் மூளைக்கு நேரம் கடந்துவிடும். பிறந்து 3-வது நாளை ஒட்டிக் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதும். முதல் இரண்டு வாரத்துக்குள் தினம் ஒரு மாத்திரை ஆரம்பித்தால், அந்தக் குழந்தை மற்ற பிள்ளைகளைப் போலவே படிக்கும், வளரும். டிஸ்சார்ஜ் ஆகுமுன் 'தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா டாக்டர்?' என்று கேட்கத் தயங்காதீர்கள்.

மூன்றாவது, கர்ப்பிணிக்கு வேண்டிய சத்து. அயோடின் உப்பு, ஃபோலிக் ஆசிட், இரும்புச்சத்து மாத்திரை. ஃபோலிக் ஆசிட்டைக் கர்ப்பம் தரிக்கும் முன்பே ஆரம்பிப்பது நல்லது. காரணம், மேலே சொன்ன அந்த நாலு வாரக் கணக்குதான்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை அல்லது ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தால், பயிற்சிக்கு மிகவும் பலன் தரும் மாதங்கள் வீணாகும். தேனிக்கு அருகே க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை, இப்படிப்பட்ட குறைகளைக் கண்டுபிடித்து இலவசமாகச் சிகிச்சை தர, 2013-லிருந்து தேசியத் திட்டமே இருக்கிறது.

இன்று சாயங்காலம் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு யாராவது வந்தால், வாசலிலேயே நிறுத்தி, 'குளிச்சிட்டு வந்து பிள்ளையைத் தூக்குங்க' என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை!