செடிக்கு எப்போது தண்ணீர்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்!

புதிதாகத் திருமணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள் வீட்டில் டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் என எல்லாவற்றுக்கும் ஒரு கையேடு இருக்கும். எந்தப் பட்டனை எப்போது அழுத்த வேண்டும் என்று அதில் படம் போட்டு விளக்கியிருப்பார்கள். ஆனால் கூடவே வந்து சேரும் செடிகளுக்கு எந்தக் கையேடும் கிடையாது. அந்தக் கையேட்டை நம்மிடம் இருக்கும் போனையும் கம்ப்யூட்டரையும் வைத்து நாமே தயாரித்துக் கொள்ளலாம். எப்படி என்று பார்ப்போம்.

நாங்கள் குடியிருப்பது அரக்கோணத்தில். சென்னை சென்ட்ரலில் இருந்து ரயிலில் சுமார் 70 கிலோமீட்டர். நான் தினமும் சென்னைக்குப் போய் வருகிறேன். என் மனைவி திருத்தணிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. பகல் முழுக்க வீடு பூட்டித்தான் இருக்கும். நண்பர்கள் பரிசளித்த மணி பிளான்ட், பாம்புச் செடி, ஜன்னலோரத்தில் ஓமவல்லி, இவற்றோடு அத்தை கொடுத்தனுப்பிய துளசி. இந்த நான்கில் துளசிதான் கவலை தந்தது. பெரியவர்கள் சொன்னபடி ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சில வாரங்களில் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன.

தண்ணீர் போதவில்லை என்றார் ஒருவர். கண்திருஷ்டி என்றார் மற்றொருவர். "புதுப்பெண் வந்த வீட்டில் துளசி வாடலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார் உறவினர் ஒருவர். செடியில் தொடங்கிய பேச்சு மருமகளில் போய் முடிந்தது. ராசியா, வேறு காரணமா என்று அளந்து பார்த்துவிடுவது என அன்றே இருவரும் முடிவு செய்தோம்.

முதலில் வெளிச்சம்

பல ஆண்ட்ராய்டு போன்களில் திரைக்கு மேலே ஒரு ஒளி சென்சார் உண்டு. வெயிலில் போனால் திரை தானாகப் பளிச்சென்று மாறுகிறதே, அது இந்த சென்சாரின் வேலைதான். பிளே ஸ்டோரில் 'லைட் மீட்டர்' அல்லது 'லக்ஸ் மீட்டர்' என்று தேடினால் இலவச அப்ளிகேஷன்கள் கிடைக்கும். ஒன்றை இன்ஸ்டால் செய்து, செடி இருக்கும் இடத்தில் திரை மேலே பார்க்கும்படி போனை வையுங்கள். வெளிச்சத்தின் அளவு லக்ஸ் கணக்கில் தெரியும். ஐபோனில் இந்த சென்சாரை மற்ற அப்ளிகேஷன்கள் பயன்படுத்த முடியாது. அதனால் அங்கே கேமராவை வைத்துக் கணக்கிடுவார்கள். எந்த போனிலும் இந்த எண்ணிக்கை துல்லியமானதல்ல. ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பார்க்க இதுவே போதும்.

உச்சி வெயிலில் வெட்டவெளியில் 1,00,000 லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும். வீட்டுக்குள் சாதாரண ஹாலில் சில நூறு லக்ஸ் வந்தாலே அதிகம். நம் கண் தன்னைச் சரிசெய்து கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. நமக்கு 'நல்ல வெளிச்சமான ஹால்' என்பது துளசிக்குக் கிட்டத்தட்ட இருட்டறை.

எங்கள் ஹாலில் நண்பகலிலேயே 150 லக்ஸைத் தாண்டவில்லை. மொட்டைமாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் காலை வெயில் விழும்போது பல ஆயிரங்களைக் காட்டியது. துளசி தினமும் சில மணி நேரம் நேரடி வெயில் கேட்கும் செடி. நோய் ராசியில் இல்லை, லக்ஸில் இருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மணி பிளான்டும் பாம்புச் செடியும் குறைந்த வெளிச்சத்தைப் பொறுத்துக் கொள்ளும். அதனால் அவை ஹாலுக்கு, துளசி படிக்கட்டுக்கு.

ஒரு எச்சரிக்கை. நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் முழு வெயிலில் வைத்தால் இலை கருகிவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று ஒரு வாரத்தில் பழக்குங்கள்.

சமையலறைத் தராசு போதும்

வீட்டுச் செடிகள் தண்ணீர் இல்லாமல் சாவதைவிட, தண்ணீர் அதிகமாகிச் சாவதுதான் அதிகம். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளிகளில் எப்போதும் தண்ணீர் நின்றால் ஆக்சிஜன் கிடைக்காமல் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே ஈரத்தில் நின்றுகொண்டே இலை வாடும். வாடியதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம்! வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி தண்ணீரை மெதுவாகத்தான் செலவழிக்கும் என்பதால் அங்கே இந்த ஆபத்து இரட்டிப்பு.

இதற்கு எளிய தீர்வு எடை. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். தொட்டியை டிஜிட்டல் தராசில் வைத்தால் உள்ளே எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று தெரிந்துவிடும்.

1. தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, அடியில் வடிவது நின்றதும் எடை போடுங்கள். இது 'நிறை எடை'.

2. இரண்டு விரற்கடை ஆழம் வரை மண் காய்ந்ததும் மீண்டும் எடை போடுங்கள். இது 'காய்ந்த எடை'.

3. இன்றைய எடையில் இருந்து காய்ந்த எடையைக் கழியுங்கள். வரும் விடையை, நிறை எடைக்கும் காய்ந்த எடைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். இதுதான் ஈர சதவீதம்.

உதாரணமாக, நிறை எடை 2,400 கிராம், காய்ந்த எடை 1,900 கிராம், இன்றைய எடை 2,150 கிராம் என்றால் ஈரம் 50 சதவீதம். துளசிக்கு 50-க்குக் கீழே போனால் ஊற்றுகிறோம். மணி பிளான்டுக்கு 20 வரை பொறுக்கிறோம். பாம்புச் செடிக்குப் பூஜ்யம் வந்த பிறகும் சில நாள் விட்டுவிடுகிறோம். செடி வளர வளர அதன் எடையும் கூடும். எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு எடைகளையும் புதிதாக எடுத்துக் கொள்ளுங்கள்.

ஒரே ஷீட், இரண்டு போன்

புதுமணத் தம்பதியர் வீட்டுச் செடிக்கு வரும் பெரிய ஆபத்து எது தெரியுமா? இருவருமே அக்கறையாக இருப்பதுதான். காலையில் அவர் ஊற்ற, இரவில் இவர் ஊற்ற, செடி மூழ்கிவிடும். ஒரே பைலை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் திருத்துவது போன்ற சிக்கல் இது. இதற்கு சாப்ட்வேர் உலகில் உள்ள விடைதான் இங்கேயும்: பதிவு ஓரிடத்தில் இருக்க வேண்டும்.

கூகுள் ஷீட்ஸில் புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, ஷேர் பட்டனை அழுத்தி இருவருக்கும் திருத்தும் உரிமை கொடுங்கள். தேதி, செடி, எடை, ஈர சதவீதம், ஊற்றிய அளவு, ஊற்றியவர் என ஆறு நெடுவரிசைகள் போதும். ஈர சதவீதத்துக்கு மேலே சொன்ன கணக்கை பார்முலாவாக எழுதிவிடுங்கள். பிறகு அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, பார்மட் மெனுவில் கண்டிஷனல் பார்மட்டிங் சென்று, 20-க்குக் கீழே இருந்தால் சிவப்பு என்று அமையுங்கள். துளசிக்குத் தனி ஷீட் வைத்து எல்லையை 50 ஆக்கிக் கொள்ளலாம். சிவப்பு வராமல் சொம்பைத் தொடுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஏழாவதாக வெப்பநிலைக்கும் ஒரு நெடுவரிசை சேர்த்தோம். சென்னை வானிலை ஆய்வு மையம் தரும் வெப்பநிலைப் பட்டியலில் எங்கள் பக்கத்து ஊரான திருத்தணி இடம்பெறும். மே மாதத்தில் அங்கே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வாடிக்கை. மே மாதத்து இடைவெளியையும் நவம்பர் மழைக்காலத்து இடைவெளியையும் ஷீட்டில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 'வாரம் இரண்டு முறை' என்ற பொது விதி ஏன் உதவாது என்பது புரியும்.

சென்சார் வாங்கலாமா?

எலக்ட்ரானிக்ஸ் ஆர்வம் உள்ளவர்கள் ஆர்டுயினோ போர்டுடன் மண் ஈர சென்சாரை இணைக்கலாம். இதில் இரண்டு வகை உண்டு. இரண்டு கால்கள் வெளியே தெரியும் விலை குறைந்த வகை, மண் வழியே மின்சாரம் செலுத்தி அளக்கிறது. ஈர மண்ணில் மின்சாரம் பாய்வதால் அதன் உலோகப் பூச்சு அரித்துவிடும். கெபாசிட்டிவ் வகையில் உலோகம் மண்ணைத் தொடுவதில்லை. எனவே நீண்ட நாள் உழைக்கும். வாங்குவதானால் இதை வாங்குங்கள். காற்றில் வைத்து ஒருமுறை, தண்ணீரில் குறியிட்ட கோடு வரை வைத்து ஒருமுறை அளவெடுத்து, அவற்றை இரு எல்லைகளாகக் கொள்ள வேண்டும். நான்கு தொட்டிகள் உள்ள வீட்டுக்குத் தராசே போதும் என்பது என் கருத்து. "விரலை விட்டுப் பார்த்தாலே தெரியுமே" என்பது என் மனைவியின் கருத்து. இரண்டு மாதம் ஷீட் எழுதிய பிறகு அவர் விரல் சொல்வதும் தராசு சொல்வதும் பெரும்பாலும் ஒத்துப் போகின்றன!

ஆடியும் தலைதீபாவளியும்

ஆடிக்குப் புதுப்பெண் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். தலைதீபாவளிக்கு இருவருமே ஊரில் இருக்க மாட்டார்கள். அப்போது கைகொடுப்பது பருத்தித் திரி. தொட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலை வைத்து, தடித்த பருத்திக் கயிற்றின் ஒரு முனை பாட்டிலின் அடியைத் தொடவும், மறுமுனை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் புதையவும் விடுங்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் தண்ணீர் ஏறும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே சோதித்து, ஒரு நாளைக்கு எத்தனை மில்லி இறங்குகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். பாட்டில் வாயைத் துணியால் மூடிவிடுங்கள். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தச் சிறு தட்டே போதும்.

காற்றைச் சுத்தம் செய்யுமா?

வீட்டுச் செடி காற்றைச் சுத்தப்படுத்தும் என்று 'நாசா சொன்னதாக' வாட்ஸ்அப்பில் வரும். 1989-ல் நாசா ஆய்வு செய்தது உண்மை. ஆனால் அது மூடிய சிறு கண்ணறைகளில் நடந்தது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். ஜன்னல் கதவு வழியாகக் காற்று மாறும் அளவுக்குச் செடிகளும் சுத்தம் செய்ய, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் தேவைப்படும் என்றது அந்தக் கணக்கு. ஜன்னலைத் திறந்து வையுங்கள். செடியை அதன் பசுமைக்காக வளருங்கள்.

மணி பிளான்டின் இலையில் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசிப் படிகங்கள் உள்ளன. மென்றால் வாயும் தொண்டையும் எரியும். குழந்தைகள் வந்து போகும் வீடானால் உயரத்தில் வையுங்கள். பெயர் தெரியாத செடியைக் கண்டுபிடிக்க பிளான்ட்நெட், கூகுள் லென்ஸ் ஆகியவை உதவும். ஆனால் அவற்றை நம்பி எந்த இலையையும் சாப்பிடக் கூடாது. செடி வளர்ப்பு பற்றித் தமிழிலேயே படிக்க, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் இணையதளத்தைப் பாருங்கள்.

எங்கள் துளசி படிக்கட்டுக்குப் போன மூன்றாவது வாரத்தில் கணுக்களில் புதுத் துளிர் விட்டது. தேதியோடு போட்டோ எடுத்து ஷீட்டிலேயே சேர்த்திருக்கிறோம். ராசி பற்றி யாராவது கேட்டால் என் மனைவி இப்போது விளக்கம் சொல்வதில்லை. போனை எடுத்து அந்த இரண்டு லக்ஸ் எண்களைக் காட்டுகிறார்.